வெள்ளைச் சேலையும் வெண்கலக் குரலும்

பூசையிலும் காவடியிலும் நம்பிக்கையற்ற ஒருவன் பக்திப் பாட்டைக் கேட்டு மனம் இளகலாமா? இளகின், பழுது அவன் கொள்கையிலா, அவன் செவியிலா? இக்கேள்வி நம்மை நெடுநாளாகத் தொடர்ந்து வருவது. ஒரு தைப்பூசத்தன்று அது நடுத்தெருவில் நம்மை மறித்துக்கொண்டது.

காவடி காண்பதற்கென்று நாம் சென்றோமில்லை. தேக்காச் சந்தைக்குக் காய்கறி வாங்கச் சென்றோம். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்ட காவடிகள் டேங்க் ரோட்டுக் கோயிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. கூட்டம் நம்மை ஒரு கடைவாயிலின் ஓரமாக ஒதுக்கிவிட்டது. கடையினுள்ளே யாரோ பழைய பாட்டு ஒன்றைப் போட்டனர். முதற்சொல் காதில் விழுந்ததுதான் தாமதம். கையிலிருந்த பையின் கனம் மறந்துபோயிற்று. அது கே. பி. சுந்தராம்பாளின் குரல். தெருவின் இரைச்சலோடு அக்குரல் மல்லுக்கு நிற்கவில்லை; இரைச்சலை விலக்கிக்கொண்டு நேரே வந்தது. பாட்டு முடியும் வரையில் நின்றோம். நாம் மேடைகளில் எவற்றையெல்லாம் மறுத்துப் பேசியிருக்கிறோமோ அவையனைத்தும் அப்பாட்டில் இருந்தன. கேட்கும்பொழுது ஒன்றும் உறுத்தவில்லை. வீடு திரும்பிக் கீரையை ஆயும்பொழுதுதான் உறுத்திற்று.

நண்பர் ஒருவரிடம் இதனைச் சொன்னோம். அவர் சிரித்து, "குரலை எடுத்துக்கொள்ளுங்கள், பொருளை விட்டுவிடுங்கள். பலாப்பழத்தில் சுளையைத் தின்று சக்கையை எறிவதில்லையா?" என்றார். உவமை நன்றுதான். ஆனால் சுந்தராம்பாளின் பாட்டில் சுளை எது, சக்கை எது என்று பிரித்துக் காட்டுமாறு கேட்டோம். அவரால் இயலவில்லை, நம்மாலும் இயலவில்லை. வேறு சிலர் பாட்டில் சொல்லைக் கழித்துவிட்டு இன்னொலியை மட்டும் சுவைக்கலாம்; சொல் ஒன்றும் விளங்காமலேயே தலையாட்டும் சபைகளை நாம் அறிவோம். இவ்வம்மையாரிடத்தில் அது செல்லாது. வல்லினம் வல்லினமாகவே விழும். ழகரம் ழகரமாகவே நிற்கும். சொல்லின் எலும்பு முழுதும் குரலில் தெரியும். பொருளை நீக்கினால் குரலில் பாதி போய்விடும். ஆகவே நண்பர் காட்டிய எளிய வழி அடைபட்டது. நாம் சுற்றுவழியே போக வேண்டியதாயிற்று.

கொடுமுடி காவிரிக் கரையிலுள்ள ஊர். சுந்தராம்பாள் 1908-ஆம் ஆண்டில் அங்கே பிறந்தார். கே. பி. என்னும் முன்னெழுத்துகளுள் முதலாவது அவ்வூரைக் குறிப்பது. இரண்டாவது தாயார் பாலாம்பாளின் பெயரைக் குறிப்பது. தந்தையின் பெயரன்று என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்க. குடும்பம் வறுமையுற்றது. சிறுமி இரயில் வண்டியில் பாடிக் காசு பெற்றாள். இரயில்வேயில் அலுவல் பார்த்தவரும் நாடகத்திற் பெரும்பற்றுடையவருமான எஃப். ஜி. நடேச அய்யரின் செவியில் அக்குரல் விழுந்தது. அவர் வழியாக அவள் வேலு நாயரின் நாடகக் குழுவிற் சேர்ந்தாள். வண்டிச் சக்கரத்தின் ஓசையை மீறிப் பாடிப் பழகிய தொண்டை, கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடுவதற்கு அஞ்சுமோ?

அக்காலத்து நாடக மேடையில் ஒலிபெருக்கி இல்லை. இரவு முழுதும் ஆட்டம் நடக்கும். முன்வரிசையில் நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு மட்டும் பாடினால் போதாது. தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் கூலியாளுக்கும் சொல் எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அவன் சும்மா இரான். அம்மையாரின் குரல் எட்டுத் திசையும் திறந்து ஒலித்ததற்குக் காரணம் அருளென்பர் சிலர். கடைசி வரிசைக்காரனும் ஒரு காரணமென்போம் நாம். அவர் பெண் வேடமும் பூண்டார், ஆண் வேடமும் பூண்டார். இலங்கைக்குச் சென்று அங்கேயும் பெயர் பெற்றார். 1926-இல் கொழும்பில், செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா அவருடன் மேடையேறினார். இரண்டு உச்சக் குரல்கள் ஒன்றையொன்று எதிர்த்து நின்று பாடியதைக் கேட்டவர்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரையில் சொல்லிக்கொண்டிருந்தனர். 1927-இல் இருவரும் மணந்துகொண்டனர்.

அக்குரல் நம்மவரிடம் வந்து சேர்ந்தது தட்டின் வழியாக. சாவி கொடுத்து முடுக்கும் கிராமபோன் பெட்டியையும், நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டையும் இன்றைய பிள்ளைகள் காட்சிசாலையிற் காண்கின்றனர். ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும். பிறகு தட்டைப் புரட்ட வேண்டும், ஊசியை மாற்ற வேண்டும். மலாயாத் தோட்டங்களில் அப்பெட்டி பெரும்பாலும் கிராணி வீட்டிலோ பெரிய கங்காணி வீட்டிலோ இருக்கும். மாலையில் லயத்துப் பிள்ளைகள் படிக்கட்டில் வந்து உட்காருவர். பெரியவர்கள் சற்றுத் தள்ளி நின்று கேளாதவர்போல் கேட்பர். எழுத்தறியாத பால்வெட்டுக்காரர் எத்தனையோ பேர் நல்ல தமிழ்ச் சொற்களை அத்தட்டிலிருந்து கற்றனர் என்பது நம் எண்ணம். தமிழ் நாட்டிலே சங்கீத மேடை தெலுங்குக் கீர்த்தனைகளாலேயே நிரம்பியிருந்த காலம் அது. தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டுமென்று கிளர்ச்சி எழுந்து 1943-இல் தமிழிசைச் சங்கம் தோன்றியது. நாடகக் கொட்டகைக்கு அக்கிளர்ச்சி வேண்டியிருக்கவில்லை; அங்கே முன்பிருந்தே தமிழ்தான். தமிழிசைச் சங்கம் 1966-இல் அம்மையாருக்கு இசைப் பேரறிஞர் என்னும் பட்டம் அளித்தது. காலந்தாழ்ந்தே அளித்தது.

அதே ஆண்டுகளில், அதே வேகத்தில், உலகின் மறுபுறத்தில் வேறொரு தட்டும் சுழன்றது. அமெரிக்காவின் கறுப்பு மக்களிடையே தோன்றிய புளூஸ், ஜாஸ் என்னும் இசைகளைக் கூறுகிறோம். பெஸ்ஸி ஸ்மித் என்னும் பாடகி டென்னஸி மாநிலத்துச் சட்டனூகா நகரிற் பிறந்தவர். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, சகோதரன் கிட்டார் வாசிக்கத் தெருமுனையில் நின்று பாடிக் காசு பெற்றார். கூடாரக் கொட்டகைகளில் ஒலிபெருக்கியின்றிப் பாடி உரம் பெற்ற குரல் அவருடையது. 1923-இல் அவருடைய முதல் தட்டு வெளிவந்தது. கொடுமுடிச் சிறுமி இரயிலில் பாடியதையும் சட்டனூகாச் சிறுமி தெருவில் பாடியதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டு நாட்டு வறுமையும் ஒரே பள்ளிக்கூடம் நடத்தியதாகத் தோன்றுகிறது. பெஸ்ஸி 1937-இல் மோட்டார் விபத்தில் இறந்தார். 1970 வரையில் அவர் கல்லறைக்குப் பெயர்க்கல் கிடையாது. நம் சிங்கப்பூரிலோ, கடற்கரையோர விடுதிகளில் அம்மக்களின் இசையை வேறு யாரோ வாசிக்க, வெள்ளைத் துரைகளும் துரைசானிகளும் நடனமாடினர். 1923-இல் ஜாலான் புசாரில் தொடங்கிய புது உலகம் என்னும் கேளிக்கைப் பூங்காவில் நடனக்கூடமும் நாடக மேடையும் ஒரே மதிலுக்குள் இருந்தன. இன்று அங்கே பேரங்காடி நிற்கிறது. பழைய வாயில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இனி நாம் சொல்ல வந்ததற்கு வருவோம்.

சுந்தராம்பாளைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரே கதையைத்தான் எழுதுகின்றனர். 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா தமது 27-ஆம் வயதில் மறைந்தார். அம்மையாருக்கு அப்பொழுது வயது 25. அன்று முதல் வெள்ளைச் சேலை உடுத்தார். ஆண் நடிகருக்கு இணையாக நடிப்பதில்லையென்று உறுதி பூண்டார். 1980-இல் இறக்கும் வரையில் அவ்வுறுதியினின்றும் வழுவவில்லை. கதை இதுவரையில் உண்மையே. இதன்மேல் எழுதுவோர் ஒரு முடிவை ஏற்றுகின்றனர். அத்துயரமே அக்குரலாயிற்றாம், அவ்வெண்மையே அவ்வொலியாயிற்றாம். கைம்மையின் நெருப்பிற் புடம் போட்ட பொன்னாம்.

இதனை நாம் ஒப்ப மறுக்கிறோம். முதலாவது, கணக்கே பொருந்தவில்லை. இரயிலில் பாடிய சிறுமிக்கு எந்தக் கைம்மை இருந்தது? கொழும்பிலே கிட்டப்பாவுக்கு எதிர்நின்று பாடிய 18 வயதுப் பெண்ணுக்கு எந்த வெள்ளைச் சேலை இருந்தது? குரல் முன்னரே இருந்தது. அதனைப் பயிற்சியும், பசியும், இரவெல்லாம் நடந்த ஆட்டங்களும் ஆக்கின. ஒரு பெண் தன் தொண்டையாலும் உழைப்பாலும் தேடிய பொருளை, அவள் கணவனின் சாவுக்கு வரவு வைப்பது என்ன நேர்மை? கிட்டப்பாவுக்கு முன்பே வேறொரு மனைவி இருந்தார். இவ்விருவர் இல்வாழ்வும் என்றும் இனிதாக நடந்ததன்று. பிரிவும் மனத்தாங்கலும் இருந்தன. இவையெல்லாம் கதையில் மெல்லத் தேய்ந்துபோய், வெள்ளைச் சேலை மட்டும் மேன்மேலும் வெளுத்துக்கொண்டு வருகிறது. சற்றே மாற்றி எண்ணிப் பாருங்கள். 1933-இல் இறந்தவர் சுந்தராம்பாளாகவும் எஞ்சியவர் கிட்டப்பாவாகவும் இருந்திருப்பின், இனிப் பெண்ணோடு நடியேன் என்று அவர் சூளுரைக்க வேண்டுமென எவரேனும் எதிர்பார்த்திருப்பரா? அவர் குரலின் பெருமைக்கு மனைவியின் சாவைக் காரணங்காட்டி ஒரு வரியேனும் எழுதியிருப்பரா?

துயரத்தைக் கலைக்குத் தாயாக்கும் இவ்வழக்கம் நம்மவருக்கு மட்டும் உரியதன்று. பில்லி ஹாலிடே என்னும் ஜாஸ் பாடகியைப் பற்றி மேனாட்டார் எழுதுவதும் இதே போக்கில்தான். அவர் 1915-இல் பிறந்து 1959-இல் தம் 44-ஆம் வயதில் மறைந்தார். வெண்கலக் குரலன்று அவருடையது. எல்லை குறுகிய, மெல்லிய குரல். மைக் என்னும் கருவியை வாயருகே வைத்துக்கொண்டு, தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, ஒருவர் காதில் மட்டும் சொல்வதுபோற் பாடுவார். தாளம் முன்னே போய்விடும். சொல் பின்னே வரும். அந்த இடைவெளியில் கேட்போன் மூச்சு நின்றுவிடும். இது சூழ்ந்தறிந்து செய்யும் வேலை. இசைக்கருவியாளர் வியந்து பார்த்த நுட்பம். 1939-இல், கறுப்பு மக்களை மரத்தில் தூக்கிட்டுக் கொல்லும் கொடுமையைப் பற்றிய பாட்டு ஒன்றைப் பாடித் தட்டாக்கினார். எழுதியவர் ஏபெல் மீரபோல் என்னும் பள்ளி ஆசிரியர். அவருடைய வழக்கமான தட்டுக் கம்பெனி அதனைப் பதிவு செய்ய மறுத்தது. கொமடோர் என்னும் சிறு கம்பெனி முன்வந்தது. பிற்காலத்தில் போதைப் பொருள் வழக்கில் சிறை சென்றமையால், நியூயார்க்கில் மது விற்கும் விடுதிகளிற் பாடும் உரிமையை இழந்தார். மருத்துவமனைப் படுக்கையிலேயே கைது செய்யப்பட்டு, அங்கேயே இறந்தார். இவையெல்லாம் துன்பங்களே. ஆனால் இத்துன்பங்கள் அவர் குரலைச் செய்தனவல்ல. அவர் பாடிய ஆண்டுகளைக் குறைத்தன. அதுதான் துன்பம் செய்யும் வேலை. அதற்கு நன்றி கூறிக் கைகட்டி நிற்பவன், தன்னை அறியாமலே கொடுமைக்கு வக்கீலாகிவிடுகிறான்.

இவ்வளவு சொன்னபின், சுந்தராம்பாள் ஏற்ற வேடங்களை எண்ணிப் பார்த்தபொழுது ஒன்று நம்மைத் திடுக்கிடச் செய்தது. 1935-இல் பக்த நந்தனார்: ஆண் வேடம், தீண்டாமைக்கு ஆளான ஓர் ஏழைத் தொண்டர். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் பெற்றார் என்பது அந்நாளைய பேரதிசயம். 1940-இல் மணிமேகலை: இளமையிலேயே துறவு பூண்டு பசித்தோர்க்குச் சோறிட்டவள். 1953-இல் ஔவையார்: இளமையை விட்டு முதுமையை வேண்டிப் பெற்றதாகக் கதை கூறும் கிழவி. 1964-இல் பூம்புகாரில் கவுந்தியடிகள்: சமணத் துறவி. பிறகு திருவிளையாடல் முதலிய படங்களில் மறுபடியும் ஔவை. ஆணொருவன், துறவி, கிழவி, துறவி, கிழவி! தமிழிலக்கியம் முழுவதையும் சல்லடையிட்டாலும், ஆண் துணையின்றித் தனியே தெருவில் நடந்து, மன்னன் முன்னிலையிலும் அஞ்சாது வாய் திறக்கும் பெண்ணுக்கு நம் முன்னோர் வைத்த இடங்கள் இவ்வளவுதான். ஒன்று அவள் துறக்க வேண்டும். அன்றேல் மூப்படைய வேண்டும். அம்மையார் அவ்விடங்கள் அனைத்திலும் ஏறி நின்றுவிட்டார். வேறு இடம் இல்லாமற் போனது அவர் குற்றமன்று.

இங்கே நம் வீட்டுக் கதையொன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

நம் பெரியம்மா ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். பாட்டுக்காரி. நலங்கு, கும்மி, தாலாட்டு எதுவாயினும் லயத்தில் முதலடி அவருடையதாகவே இருக்கும். ஔவையார் படம் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டப்பட்டபொழுது, அவர் முதல் ஆளாகப் பாய் போட்டு உட்கார்ந்தாராம். அதற்கு அடுத்த ஆண்டோ அதற்கும் அடுத்த ஆண்டோ கணவரை இழந்தார். வயது 22. பிள்ளையில்லை. பக்கத்துத் தோட்டத்தில் மனைவியை இழந்த ஆடவர் ஒருவர் மணந்துகொள்ள முன்வந்தார். நல்லவர் என்று பெயர் எடுத்தவர். பெரியம்மாவுக்கும் இசைவுதான். தோட்டத்துப் பெரியவர்கள் மரத்தடியில் கூடினார்கள். அவர்கள் எந்தச் சாத்திரத்தையும் எடுத்துக் காட்டவில்லை. அவர்களுக்குச் சாத்திரம் தெரியாது. சுந்தராம்பாளை எடுத்துக் காட்டினார்கள். "லட்ச ரூவா வாங்கற அந்தம்மாவே வெள்ளச் சீலையோட இருக்கு. ஒனக்கு என்ன வந்துச்சு?" என்றார்கள். வந்தவர் திரும்பிப் போனார். பெரியம்மா வெள்ளைச் சேலைக்கு மாறினார். நலங்குக்கு அவரை அழைப்பது நின்றது. இழவு வீட்டுக்கு மட்டும் ஒப்பாரி சொல்ல ஆள் வந்தது.

நேயர்காள், நாம் இதுவரையில் எழுதியவற்றின் வேர் இதுவே. இல்லாவிட்டால், ஒரு பாடகியின் சேலை எந்த நிறமாயிருந்தால் நமக்கென்ன?

நம்மை மறுப்போர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு, அது வலியது. "பெண் தன் விருப்பப்படி வாழ வேண்டுமென்று சொல்பவர்கள் நீங்கள். அவ்வம்மையார் தம் விருப்பப்படியே வெண்மை பூண்டார். அதனைக் குறைகூற நீங்கள் யார்? மறுமணம் செய்தால்தான் சீர்திருத்தக்காரரின் பாராட்டுக் கிடைக்குமோ?" கேள்வி நியாயமானது. இதற்கு நாம் உடனே விடை கூறிவிடுவதாக நடிக்கவில்லை. அவர் உள்ளத்தில் இருந்தது அன்பாகவே இருக்கலாம். அன்புக்கு அடையாளமாக ஒருவர் எதனையும் உடுக்கலாம், எதனையும் விடலாம். அதில் தலையிட நமக்கு உரிமையில்லை. இன்னுஞ் சொல்லப்போனால், அவ்வெள்ளைச் சேலை அவருக்கு ஒருவகைக் கவசமாகவும் பயன்பட்டது. நாடகக்காரியென்று எவனும் வாய் கூசாமற் பேசிய காலத்தில், அதனை உடுத்துக்கொண்டே அவர் ஊர் ஊராகச் சென்றார். காங்கிரஸ் மேடைகளில் விடுதலைப் பாட்டுப் பாடினார். தம் ஊதியத்தைத் தாமே நிறுத்துப் பேசினார். 1951-இல் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். வழக்கம் அடைத்து வைத்த அறையின் சுவரையே அவர் மேடையாக்கிக்கொண்டார் என்னலாம்.

ஆனால் ஒருவர் தேர்ந்துகொண்டதை மற்றவர்க்குச் சட்டமாக்குவது வேறு. எல்லாப் பாதைகளிலும் முள் போட்டுவிட்டு ஒரு பாதைக்கு மட்டும் பூத்தூவி வைத்தால், அதன் வழியே நடந்தவளைப் பார்த்து "தானே விரும்பி நடந்தாள்" என்று சொல்வது பாதி உண்மை. இந்தியாவில் கைம்பெண் மறுமணத்தை ஒப்பும் சட்டம் 1856-இல் வந்தது. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமையும் கைம்பெண்களுக்கு மறுமணமும் வேண்டுமென்று தீர்மானித்தது. கப்பலேறி வந்த நம் முன்னோர் சட்டத்தையும் தீர்மானத்தையும் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு, வழக்கத்தை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தனர். மூட்டை கனமாகத்தான் இருந்திருக்கும். எனினும் இறக்கி வைக்கவில்லை.

இதைப்பற்றிப் பெரியம்மாவிடமே ஒருமுறை கேட்டோம். அவர் தோட்டத்தை விட்டு வந்து, பஃபலோ ரோட்டு அடுக்குமாடியில் நம்மோடு இருந்த காலம். அம்மையாரின் பாட்டு வானொலியில் வந்தால், அடுப்பைத் தணித்துவிட்டுக் கூடத்துக்கு வந்துவிடுவார். "ஒங்க வாழ்க்கைய கெடுத்தவங்க காட்டுன ஆளுல்ல இவங்க? எப்புடிப் பெரிம்மா ஒங்களுக்குக் கேக்க முடியுது?" என்றோம். அவர் நம்மைச் சிறுபிள்ளையைப் பார்ப்பதுபோற் பார்த்தார். "அந்தம்மா சீலையத்தான்டா மாத்துச்சு, பாட்ட விட்டுச்சா? எங்கிட்ட ரெண்டையும்ல கேட்டானுவ" என்றார். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

நாற்பதாண்டுப் படிப்பும் மேடையும் நமக்குத் தராத பிரிவை அவ்வொரு சொல் தந்தது. பெரியவர்கள் அம்மையாரிடத்திலிருந்து எடுத்துக்கொண்டது சேலை. பெரியம்மா எடுத்துக்கொண்டது பாட்டு. ஒருவர் வாழ்க்கையிலிருந்து நாம் எதனை எடுத்துக்கொள்கிறோம் என்பதற்கு அவரல்லர், நாமே பொறுப்பாளிகள்.

குரலைப்பற்றி இன்னுஞ் சிறிது. திரைப்படத்தில் பின்னணிப் பாட்டு நிலைபெற்றபின், கதாநாயகியின் குரல் மெல்லியதாக, உயர்ந்ததாக, தேன் ஒழுகுவதாக இருக்க வேண்டுமென்று ஒரு விதி எழுதாமலே எழுந்தது. அக்குரல்களை நாம் குறைகூறவில்லை. அவற்றுள் அரியன பல. ஆனால் தடித்த குரலுடைய பெண்ணுக்கு அம்மனும் கிழவியும் மட்டும் எஞ்சின. உஷா உதுப் என்னும் பாடகி 1947-இல் பம்பாயில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவர். அவருடைய குரல் பெண் குரலுக்கு ஒவ்வாதென்று பள்ளியில் பாட்டு வகுப்பிலிருந்து விலக்கப்பட்டார். அதே பெண் 1969-இல் சென்னை மௌண்ட் ரோட்டில் நைன் ஜெம்ஸ் என்னும் இரவு விடுதியில், காஞ்சிபுரப் பட்டுடுத்து, பொட்டிட்டு, பூச்சூடி, மேனாட்டு ஜாஸ் பாட்டுகளைப் பாடினார். பிறகு கல்கத்தாவுக்குச் சென்று பெயர் பெற்றார். இரவு விடுதியிற் பாடுவோள் எப்படி உடுக்க வேண்டும் என்பதற்கும் ஊர் ஒரு கணக்கு வைத்திருந்தது. அவர் அதனையும் கேட்கவில்லை. வெள்ளைச் சேலைக்கும் பட்டுச் சேலைக்கும் இடையே முப்பத்தைந்தாண்டு. குரல்கள் இரண்டும் ஒரே மரத்து வைரம்.

கொடுமுடி அம்மையாரின் தாக்கம் எங்கே இருக்கிறதென்று சிலர் கேட்பதுண்டு. அவர்போற் பாடுவோர் யாருமில்லையே என்பர். பாவனை செய்வோர் உண்டு. விழாக்காலத்தில் ஒலிபெருக்கியில் அவர்களைக் கேட்கிறோம். உச்சத்தைப் பிடிக்கின்றனர், சொல்லைப் பிடிக்கவில்லை. தாக்கம் அங்கேயில்லை. தமிழ்ச் சொல்லை மழுப்பாமல், கேட்போனை மதித்து, முழுதாக அவன் கையிற் கொடுக்க வேண்டுமென்று எண்ணும் பாடகர் எவரிடத்தும் அவருடைய தாக்கம் உண்டு. அவர் பெற்ற பரிசுகளும் குறைந்தனவல்ல: துணைவன் படப்பாட்டுக்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருது, 1970-இல் பத்மஸ்ரீ. அப்பொழுது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது.

தொடக்கத்திற் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். பூம்புகார் படத்தை எண்ணிப் பாருங்கள். கதை உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி, கடவுள் மறுப்பாளர். பாடி நடித்தவர் அசையாத முருக பக்தை. ஏற்ற வேடமோ படைப்புக் கடவுளை ஒப்பாத சமணத் துறவி. ஒரு நாவில் மூன்று மதங்கள் ஏறி நின்றன, குரல் பிசகவில்லை. கேட்ட தமிழரும், எவன் எந்தக் கட்சியாயினும், காசு கொடுத்துக் கேட்டனர். நியூயார்க்கில் யூத ஆசிரியர் எழுதியதைக் கறுப்புப் பெண் பாட, வெள்ளையர் கேட்டு வாயடைத்து நின்றதும் இத்தகையதே. பாட்டில் ஒருவர் தம் மூச்சு முழுவதையும் ஒரு சொல்லுக்குக் கொடுக்கிறார். அச்சொல்லின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்பதில் நமக்கும் அவருக்கும் வழக்கு உண்டு. அவ்வழக்கை நாம் விடப்போவதில்லை. மூச்சைக் கொடுத்தாரா என்பதில் வழக்கில்லை. சிராங்கூன் சாலையில் நாம் நின்றது அதற்காகவே என்று எண்ணுகிறோம். இது நம்மை நாமே தேற்றிக்கொள்ளும் வாதமென்று நண்பர் கூறுகிறார். இருக்கலாம். அடுத்த தைப்பூசத்தன்றும் கீரை வாங்கப் போவோம்.

பெரியம்மா இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒருநாள் மாலை, அம்மையாரின் பாட்டு நாடாவைப் போட்டுக் கொடுத்தோம். கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் அடி உச்சத்துக்கு ஏறும் இடத்தில் கையை நீட்டி, "நிறுத்துடா" என்றார். உடம்புக்கு முடியவில்லையோவென்று அஞ்சினோம். "ரொம்ப ஒசரத்துல பாடுது. சுதிய கொஞ்சம் எறக்குனாத்தானே நாமளும் கூடப் பாடலாம்?" என்றார். பிறகு, நிறுத்திய இடத்திலிருந்து, தம் தாழ்ந்த, கரகரத்த குரலில் அவரே பாடினார். மூச்சு வாங்கிற்று. ஓரிடத்தில் சொல் மறந்து, தம் சொந்தச் சொல் ஒன்றைப் போட்டு நிரப்பிக்கொண்டார். எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண்மணி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, புன்னகைத்து, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே சென்றார். அன்றிரவு நாம் நாடாவைத் திரும்பப் போடவில்லை.